பம்ப் வைத்ததும் ஒழுக ஆரம்பித்த வீடு: பழைய ஜி.ஐ. குழாய்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டுக்காரர்கள் சொன்ன புகார் மூன்று. மாடிக் குளியலறையில் வெந்நீர் வருவதே இல்லை என்கிற அளவுக்குக் குறைந்துவிட்டது. காலையில் முதலில் எந்தக் குழாயைத் திறந்தாலும் கொஞ்ச நேரம் பழுப்புத் தண்ணீர் வருகிறது. மாடிப்படிக்குக் கீழே உள்ள சுவரில் ஓதம் ஏறிப் பெயின்ட் உப்பிக்கொண்டு உதிர்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆளைக் கூப்பிட்டு, தனித்தனியாகச் சரி செய்யப் பார்த்திருக்கிறார்கள். மூன்றும் ஒரே கோளாறின் மூன்று முகங்கள் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அதைத்தான் இந்த எழுத்தில் படிப்படியாகக் காட்டப்போகிறேன்.

கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு தளம். கட்டி நாற்பது வருடத்துக்குப் பக்கம். மொட்டை மாடியில் 1000 லிட்டர் தொட்டி, அதிலிருந்து ஒரே ஒரு இறக்கம், அங்கிருந்து எல்லாக் குழாய்களும் சுவருக்குள் புதைந்து ஓடுகின்றன. எல்லாமே ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். சில வருடங்களுக்கு முன் வாஷிங் மெஷினுக்காகத் தொட்டியிலிருந்து தனியாக ஒரு சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) லைன் இழுத்திருக்கிறார்கள். அந்த ஒரு லைன் பின்னால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒரு குழாய் அதே வீட்டில் கிடைப்பது அபூர்வம்.

ஏற்கெனவே நடந்த ரிப்பேர்களையும் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தில் ஓர் எல்போ (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு) ஒழுகியதால் அதையும் ஒரு சின்னத் துண்டையும் புது ஜி.ஐ. போட்டு மாற்றினார்கள். இன்னோர் இடத்தில் ரப்பர் வைத்துக் கிளாம்ப் இறுக்கினார்கள். ஹீட்டருக்குப் போகும் வழியில் பித்தளை வால்வு ஒன்றை இரும்பு நிப்பிளில் (இரு முனையிலும் மரை உள்ள குட்டைக் குழாய்த் துண்டில்) நேரடியாகத் திருகினார்கள். கடைசியாக, வெந்நீர் குறைகிறது என்று தொட்டியின் அடியில் பிரஷர் பம்ப் ஒன்றை மாட்டினார்கள். "பம்ப் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொன்னாங்க சார், போட்டதுக்கப்புறம்தான் சுவரே நனைய ஆரம்பிச்சுது" என்றார் வீட்டுக்கார அம்மா. அவர் கவனித்தது மிகச் சரி.

முதலில் அளந்தது

சுவரை உடனே கொத்தக் கூடாது. ஓதம் தெரிகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை, தண்ணீர் குழாயின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே சில மீட்டர் போய், வழி கிடைத்த இடத்தில் வெளியே வரும்.

பழுப்புத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்தோம். தொட்டியிலிருந்து நேராக மொண்டு ஒரு கண்ணாடிப் பாட்டிலில், இரவு முழுக்கத் திறக்காத சமையலறைக் குழாயின் முதல் தண்ணீர் இன்னொன்றில், அதே குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டபின் பிடித்தது மூன்றாவதில். தொட்டித் தண்ணீர் தெளிவு, முதல் தண்ணீர் பழுப்பு, ஓடவிட்டபின் தெளிவு. ஆக, துரு வெளியிலிருந்து வரவில்லை, வீட்டுக்குள் இருக்கும் குழாயிலேயே இரவில் ஊறுகிறது. எவ்வளவு நேரம் ஓடினாலும் பழுப்பாகவே வந்தால் மூலத்தைச் சந்தேகிக்க வேண்டும், வெந்நீரில் மட்டும் வந்தால் ஹீட்டரை.

அடுத்தது வரத்து. பம்பை நிறுத்திவிட்டு, தொட்டியின் உயரம் தரும் அழுத்தத்தில் மட்டும், வாளியும் கடிகாரமும் வைத்துப் பார்த்தோம். வாஷிங் மெஷின் லைனில் நிமிடத்துக்கு 14 லிட்டர். ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும் சமையலறைத் தண்ணீர்க் குழாயில் 4 லிட்டர். சமையலறை வெந்நீரில் 2 லிட்டர்கூடத் தேறவில்லை.

இங்கே நிறையப் பேர் "பிரஷர் குறைவு" என்று முடிவு கட்டி பம்ப் வாங்கப் போய்விடுகிறார்கள். அழுத்தம் குறைந்திருக்கிறதா, வழி அடைத்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மாடி வாஷ்பேசின் குழாயில் ஒளி ஊடுருவும் நீளமான ஹோஸ் ஒன்றை மாட்டி, ஜன்னல் வழியாக மொட்டை மாடிவரை கொண்டுபோய்க் கட்டினோம். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது ஹோஸில் தண்ணீர் தொட்டியின் நீர்மட்டத்துக்கே வந்து நின்றது, அதாவது அழுத்தம் முழுசாக இருக்கிறது. பக்கத்தில் குளியலறைக் குழாயைத் திறந்ததும் ஹோஸில் இருந்த தண்ணீர் மடமடவென்று கீழே இறங்கிவிட்டது. தண்ணீர் நிற்கும்போது அழுத்தம் இருக்கிறது, ஓடும்போது காணாமல் போகிறது என்றால் வழியில்தான் அடைப்பு. 10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் 1 பார் அழுத்தம் தரும். இந்த வீட்டின் கீழ்த்தளத்துக்குக் கிடைப்பது அரை பார்தான், ஆனால் நல்ல குழாயாக இருந்தால் அந்த அரை பாரே போதும் என்பதற்கு வாஷிங் மெஷின் லைன் சாட்சி.

கசிவைக் கண்டுபிடிக்க, இரவில் தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்தி நீர்மட்டத்தைக் குறித்து வைத்தோம். எட்டு மணி நேரத்தில், யாரும் குழாயைத் தொடாமலே, சுமார் 30 லிட்டர் காணோம். மறுபடி அதையே, ஹீட்டருக்குப் போகும் வால்வை மூடிவிட்டுச் செய்தபோது மட்டம் இறங்கவில்லை. கசிவு வெந்நீர்ப் பக்கம். மாடிப்படிக்குக் கீழே போவதும் வெந்நீர் லைன்தான். இத்தனைக்கும் ஓர் உளிகூட இன்னும் சுவரில் படவில்லை. கழிவறை சிஸ்டர்ன்களை (ஃபிளஷ் தொட்டிகளை) முன்னதாகவே சாயம் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அங்கே சத்தமில்லாமல் ஒழுகினால் இந்தக் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும்.

வெட்டிப் பார்த்தது

அப்புறம்தான் ஒரு துண்டு வெட்டினோம். பழைய ஜி.ஐ. குழாயை பைப் ரெஞ்ச் போட்டு வம்பாகத் திருகினால் அந்த முறுக்கம் சுவருக்குள் இருக்கும் அடுத்த ஜாயின்ட்டுக்குப் போய் அதை உடைக்கும், அதனால் ஆக்ஸா பிளேடால் அறுப்பதே நல்லது. அரை இன்ச் குழாயின் உள்விட்டம் புதிதில் சுமார் 16 மில்லிமீட்டர் இருக்கும். வெட்டிய வெந்நீர்த் துண்டில் மிச்சமிருந்த துவாரம் ஒரு பென்சில் நுழையும் அளவு, 8 மில்லிமீட்டர். சுற்றிலும் துரு, கட்டி கட்டியாக.

இது எப்படி இவ்வளவு ஆகிறது என்று புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் தானாக வரும். துத்தநாகப் பூச்சு தன்னை முதலில் அரிக்கக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றுகிறது. அது தீரும் வரைதான் அந்தக் காவல். தீர்ந்தபின் இரும்பு துருவாகிறது, துரு இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடம் பிடிக்கும், அது உள்பக்கமாகவே வளர்கிறது. வெந்நீரில் இந்த வேலை இன்னும் வேகம். கூடவே உப்புப் படிவும் சேரும். ஆக, ஒரே சமயத்தில் குழாயின் சுவர் மெலிகிறது, வழி குறுகுகிறது. விட்டம் பாதியானால் வரத்தும் பாதியாகும் என்றுதான் தோன்றும், அப்படி இல்லை. வீட்டுக் குழாயில் ஓடும் வேகத்தில், அதே அழுத்தத்துக்கு, வரத்து விட்டத்தின் இரண்டரை அடுக்குப்படி (கணக்கில் பவர் 2.5) மாறும். விட்டம் பாதியானால் வரத்து ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. துருவின் சொரசொரப்பு அதையும் குறைக்கும். வாளியில் அளந்த 14-க்கும் 2-க்கும் இருந்த வித்தியாசத்துக்கு விளக்கம் அந்த வெட்டிய துண்டில் அப்படியே இருந்தது.

முதலில் ஒழுகுவது ஏன் எப்போதும் ஜாயின்ட் பக்கம் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். த்ரெட், அதாவது மரை, போடும்போது பூச்சும் போகிறது, குழாயின் கனமும் அந்த இடத்தில் குறைகிறது. பித்தளை வால்வை நேராகத் திருகிய நிப்பிள் எங்கள் கையிலேயே பொடிந்தது. இரண்டு வேறு உலோகங்கள் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் அவற்றில் எளிதில் அரிபடக்கூடிய உலோகம் முதலில் அரிபடும், இங்கே அது இரும்பு. புதுசாகப் போட்ட ஜி.ஐ. துண்டும் இதே வகையில்தான் மாட்டிக்கொண்டது, துருப்பிடித்த பழைய இரும்போடு சேர்ந்த புது இரும்பு பழையதை முந்திக்கொண்டு அரிபடும். இது தெரியாமல்தான் "போன வருஷம் போட்ட பைப் அதுக்குள்ள போயிடுச்சே, டூப்ளிகேட் போட்டுட்டாங்க" என்று பிளம்பரைத் திட்டுகிறார்கள். பல நேரம் பைப் நல்ல பைப்தான்.

பம்ப் செய்த வேலை இப்போது தெளிவு. நாற்பது வருடம் அரை பாருக்குப் பழகிய, கனம் போன இரும்பில் திடீரென்று 2 பார் ஏற்றினால் பலவீனமான இடம் வாயைத் திறக்கும். திறந்தது.

ரிப்பேரா, மாற்றமா

கிளாம்ப் போட்டு விட்டுவிடலாமா? குழாயின் மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்து, ஆணி அடித்தோ வெளியடி பட்டோ ஓர் ஓட்டை விழுந்திருந்தால் அந்த ஓர் இடத்தைச் சரி செய்வதே புத்திசாலித்தனம், அதற்குக் குழாய் முழுவதையும் மாற்றச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். ஆனால் வயதினால் உள்ளிருந்து அரித்து வந்த ஓட்டைக்கு அந்தத் தர்க்கம் பொருந்தாது. பக்கத்து அடியும் அதே வயது, அதே தண்ணீர். கிளாம்பும் எபாக்ஸி பசையும் வேலை ஆள் வரும்வரை தாங்க வைக்கும் ஏற்பாடுகள்.

ஆசிட் விட்டுக் கழுவலாம் என்று ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். துருக் கட்டிக்கு அடியில்தான் பெரும்பாலும் குழி இருக்கும், பல இடங்களில் அந்தக் கட்டியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் கரைத்தால் ஒரு கசிவு பத்தாகும். குடிதண்ணீர் லைனில் ஆசிட் விடுவதை நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெந்நீர் லைனை மட்டும் மாற்றுவது என்பது அடுத்த யோசனை, இதில்தான் அதிகம் பேசினோம். குளிர்ந்த தண்ணீர் லைனிலும் ஒரு துண்டு வெட்டினோம், அதில் துவாரம் 10 மில்லிமீட்டர். வெந்நீர் லைனைவிடத் தேவலை, ஆனால் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் மாற்ற ஆள் வைத்து, தண்ணீரை நிறுத்தி, வீட்டைக் கலைத்தபின் மறு பக்கத்தை விட்டுவைப்பதில் அர்த்தமில்லை என்று தொட்டியிலிருந்து ஒவ்வொரு குழாய் வாய்வரை முழுக்க மாற்றுவது என்று முடிவானது. ஒருவேளை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாத வீடு என்றால், வால்விலிருந்து குழாய் வாய்வரை ஒரு கிளையை முழுசாக மாற்றுங்கள், நடுவில் துண்டு துண்டாக வேண்டாம்.

வீதியிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் ஈயமாக இருக்கும் மிகப் பழைய வீடுகளில் இந்தப் பாதி மாற்றம் உடல்நலக் கேடாகவே முடியும். பாதியை வெட்டும்போது மீதிப் பாதியில் படிந்த ஈயம் கிளம்பித் தண்ணீரில் கலக்கும். ஈயக் குழாய்க்குப் பின்னால் இருந்த ஜி.ஐ. குழாயின் துருவும் ஈயத்தைப் பிடித்து வைத்துப் பின்னால் விடும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் தண்ணீரின் மூலத்தை ஆற்றுக்கு மாற்றி, அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டும் சேர்க்காமல் விட்டபோது ஈயக் குழாய்களின் படிவு கரைந்து வீடு வீடாகப் போனது. இந்த வீட்டில் ஈயம் எங்கும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போனோம்.

எந்தக் குழாய் என்பதற்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. சாதாரண பிவிசி சுமார் 60 டிகிரிக்கு மேல் தாங்காது, வெந்நீருக்கு ஆகாது. சிபிவிசி 82 டிகிரியில் சுமார் 7 பார் அழுத்தத்துக்கு மதிப்பிடப்பட்டது, வெப்பத்தில் 93 டிகிரிவரை போகும். பிபிஆர் என்கிற பிளாஸ்டிக் குழாயைச் சுமார் 260 டிகிரியில் உருக்கி ஒட்டுவார்கள், ஜாயின்ட் குழாயோடு ஒன்றாகிவிடும், ஆனால் கை பழகிய ஆளும் மெஷினும் வேண்டும். பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் குழாய் வளைந்து கொடுக்கும், அதனால் ஜாயின்ட் குறைவு, வெயில் மட்டும் படக் கூடாது. செம்பு நெடுநாள் உழைக்கும், தண்ணீர் அமிலத் தன்மையாக இருந்தால் அதிலும் ஊசித் துவாரம் விழும். புதுசு என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. 1978 முதல் 1995 வரை அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போட்ட பாலிபியூட்டிலீன் குழாய்களையும் அவற்றின் இணைப்புகளையும் தண்ணீரில் இருந்த குளோரினே உளுத்துப்போக வைத்தது, 1995-இல் வழக்கு 95 கோடி டாலர் சமரசத்தில் போய் முடிந்தது.

இங்கே வெப்பக் கட்டுப்பாடு உள்ள மின்சார ஹீட்டர் என்பதால் சிபிவிசி போதும் என்று எடுத்தோம். கட்டுப்பாடு இல்லாமல் கொதிக்கும் ஹீட்டராக இருந்திருந்தால் அதை ஒட்டி வரும் பகுதிக்காவது உலோகம்தான் சொல்லியிருப்பேன்.

வேலையில் கவனித்தவை

சுவரை மறுபடி கொத்திப் புதைக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பழைய குழாய்களை வடித்து, இரு முனையிலும் வெட்டி மூடி, சுவருக்குள்ளேயே விட்டுவிட்டோம். புதியவை வெளிச்சுவரிலும் குளியலறை மூலைகளிலும், திறந்து பார்க்கக்கூடிய மூடிக்குள் ஓடுகின்றன. பார்வைக்குக் கொஞ்சம் உறுத்தலாம், ஆனால் அடுத்த முறை ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். வெட்டிய கிளைகளை டீ-யிலேயே (கிளை பிரியும் இணைப்பிலேயே) அடைக்க வேண்டும், தண்ணீர் ஓடாத வால் மாதிரி ஒரு துண்டு மிஞ்சினால் அதில் தேங்கும் தண்ணீரில் கிருமி வளரும், வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா மாதிரியானவையும் வளரும்.

தயவுசெய்து இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்: பழைய வீடுகளில் இரும்புக் குழாயையே மின்சார எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். இந்த வீட்டிலும் குளியலறைக் குழாயில் ஒரு பச்சை ஒயர் கிளாம்ப் போட்டுக் கட்டியிருந்தது. இரும்பை வெட்டி நடுவில் பிளாஸ்டிக் போட்ட அந்த நிமிடமே எர்த் அறுந்துவிடும், ஹீட்டரில் மின்கசிவு வந்தால் மின்சாரம் போக வழியில்லாமல் உடம்பு வழியாகப் போகும். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, தனி எர்த் கம்பி இழுத்து, சோதித்து முடித்த பிறகுதான் முதல் குழாயை வெட்ட விட்டோம். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் ஒருவரையொருவர் பார்க்காமலே வேலை முடிந்துபோகும் வீடுகளை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

தொட்டியிலிருந்து இறக்கம் ஒரு இன்ச், ஒவ்வொரு தளத்துக்கும் முக்கால், கடைசி ஒன்றிரண்டு மீட்டர் மட்டும் அரை இன்ச். ஒவ்வொரு குளியலறைக்கும், சமையலறைக்கும், ஹீட்டருக்கும் தனித்தனி பால் வால்வு. பழைய வீட்டில் ஹீட்டர் வால்வைத் தவிர இருந்தது ஒரே கேட் வால்வு, அதுவும் துருவில் இறுகிச் சுற்றவே இல்லை. வெந்நீர் லைனில் நீளும் இடம் விட்டோம், 10 மீட்டர் சிபிவிசி 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளும், இரு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் எல்போவில்தான் விரிசல் விடும். உலோகத்தோடு சேரும் இடத்தில் பித்தளைத் திருகு உள்ள அடாப்டரும் டெஃப்லான் டேப்பும் மட்டும். எண்ணெய்ப் பசை உள்ள த்ரெட் பேஸ்ட்கள் சிலவற்றால் சிபிவிசியில் நாளடைவில் வெடிப்பு விழும்.

ஒட்டியது காய ஒரு முழு நாள் விட்டு, காற்றை எல்லாம் வெளியேற்றி, கைப் பம்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்த்தோம். பிளாஸ்டிக் குழாயைக் காற்றால் டெஸ்ட் செய்யக் கூடாது, உடைந்தால் துண்டுகள் தெறிக்கும். அழுத்தமானியின் முள் மெதுவாக இறங்கியது. ஹீட்டர் அடாப்டரில் ஒரு கசிவு, அதைக் கழற்றிப் போட்டபின் முள் நின்றது. மூடிகளைப் பூட்டும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் தெரியும்படி போட்டோ எடுத்தோம்.

பிறகு குழாய் முனைகளில் உள்ள வலைகளைக் கழற்றிவிட்டு ஓடவிட்டு, தொட்டியில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கலந்து 24 மணி நேரம் குழாய்களில் நிறுத்தினோம். வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் என்றால் 1000 லிட்டருக்கு ஒரு லிட்டர் கணக்கு. அந்த நேரத்தில் யாரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. ஹீட்டரையும் அணைத்து வைத்து, கடைசியில் வாசனை போகும்வரை கழுவிவிட வேண்டும்.

பின்னால் என்ன ஆனது

பம்ப் இல்லாமலே சமையலறைத் தண்ணீர் நிமிடத்துக்கு 13 லிட்டர், வெந்நீர் 10 லிட்டர். இரவில் தொட்டியின் மட்டம் குறித்த இடத்திலேயே நின்றது. முதல் தண்ணீரில் பழுப்பு இல்லை.

மாடி ஷவர் மட்டும் மந்தமாகவே இருந்தது. அதற்கும் தொட்டிக்கும் உயரம் ஒன்றரை மீட்டருக்குள், அது 0.15 பார்தான், எந்தக் குழாய் போட்டாலும் அதற்கு மேல் கிடைக்காது. அதனால் பழைய பம்பையே மாடிக் குளியலறைக் கிளைக்கு மட்டும் மாட்டினோம். கீழ்த்தளத்துக்கு அது போகவே இல்லை.

ஓதம் உடனே போகவில்லை, போகவும் போகாது. பூச்சுக்குள் ஊறிய தண்ணீர் காய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் பெயின்ட் அடித்தால் மறுபடி உப்பும். உப்பிய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, காயவிட்டு, அதன்பின் பூசச் சொன்னோம்.

வீதியிலிருந்து தொட்டிவரை வரும் ஜி.ஐ. லைன் இன்னும் பழசுதான். அதைத் தொடாததற்குக் காரணம், வெட்டிப் பார்த்த இடத்தில் அது நன்றாகவே இருந்தது, குளிர்ந்த தண்ணீர் மட்டும் போகும் அகலமான குழாய். தொட்டி நிரம்ப ஆகும் நேரத்தை மாதம் ஒருமுறை குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். அந்த நேரம் நீண்டுகொண்டே போனால், அல்லது வீட்டில் எல்லாம் மூடியிருக்கும்போதும் தண்ணீர் மீட்டர் நகர்ந்தால், அடுத்து மாற்ற வேண்டியது அதுதான்.